வ.உ.சி. சீமையில் எந்த வண்டி நம் வண்டி?

தம்பி, புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அம்பாசமுத்திரம். வீட்டில் ஐந்து பேர், கையில் 12 லட்சம் வரை இருக்கிறது. மச்சான் கொரியா வண்டியோ ஜப்பான் வண்டியோ எடுக்கச் சொல்கிறார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவோ, "வ.உ.சி. பொறந்த சீமையில இருந்துக்கிட்டு கொரியாக்காரன்கிட்டயா துட்டைக் கொண்டுபோய்க் கொட்டப் போற?" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள். கூடவே, தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனி போட்ட ஆலையிலிருந்து வருகிற வண்டியை நம்ம ஊர் வண்டி என்று சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்கு இரண்டு வண்டிகள் சமமாக நின்றால் இந்தியக் கம்பெனி வண்டியை எடுங்கள். சமமாக நிற்கவில்லை என்றால் எது நல்ல வண்டியோ அதை எடுங்கள்; அதில் நாட்டுக்குத் துரோகம் ஒன்றும் கிடையாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகங்களின் தரம் பார்க்கிற வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஒரு காரின் எந்தப் பாகம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவன் என்பதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசை.

அப்பா வ.உ.சி.யை இழுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அவரிடமிருந்தே தொடங்குவோம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அந்த வக்கீல் 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓட காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வாங்கினார்கள். இரண்டும் ஐரோப்பாவில் கட்டிய கப்பல்கள். இரும்பும் எந்திரமும் வெள்ளைக்காரத் தேசத்தினுடையவை. அதனால் அவை சுதேசிக் கப்பல் இல்லை என்று இந்தச் சீமையில் யாரும் சொல்லவில்லை. கம்பெனி நம்முடையது, லாபம் நம்மிடம் நிற்கிறது, டிக்கெட் கொடுக்கிறவனும் நம் ஆள் என்பதுதான் அன்றைக்குக் கணக்கு.

எதிரில் நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. இவர்கள் எட்டணாவுக்கு இறங்கினார்கள். அவர்கள் காசே வேண்டாம், சும்மா ஏறு, கையில் ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தபோது திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, நகராட்சி அலுவலகமும் தபாலாபீசும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர் கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில் கம்பெனி தள்ளாடியது. 1911இல் அதைக் கலைத்துவிட்டார்கள். ஊரே உயிரைக் கொடுத்து ஆதரித்த கம்பெனிதான், ஆனாலும் நடத்த ஆளும் தாக்குப்பிடிக்கப் பணமும் இல்லாமல் நிற்க முடியவில்லை. இதை அப்பாவிடம் ஞாபகப்படுத்துங்கள், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது இந்தக் காலத்துக் கணக்கைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் குஜராத்தின் ஹன்சல்பூரில் சுசுகியின் மின்சாரக் காரைத் தொடங்கிவைத்த பிரதமர், போட்ட பணம் யாருடையதாகவும் இருக்கலாம், உழைக்கிற வியர்வை நம் நாட்டவருடையதாக இருந்தால் அது சுதேசிதான் என்கிற பொருளில் பேசினார். வ.உ.சி.யின் கணக்குக்கு இது நேர் தலைகீழ். அன்றைக்குப் பொருள் அந்நியம், முதலாளி நாம். இன்றைக்கு முதலாளி அந்நியன், பொருள் செய்கிறவன் நாம். இரண்டுமே நியாயமான கணக்குதான். அடிமை நாட்டில் முதலாளியாக நிமிர்வது பெரிய காரியம். பட்டதாரிப் பிள்ளைகள் வேலை தேடி அலைகிற நாட்டில் ஆலை வருவது பெரிய காரியம். ஆனால் எந்தக் கணக்கைப் பிடிக்கிறோம் என்று முடிவு செய்யாமல் வண்டியின் மூக்கில் இருக்கிற பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

மாருதியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் மாருதி என்றால் நம்ம வண்டி என்றுதான் நினைப்பு. 1981இல் அரசாங்கக் கம்பெனியாகத் தொடங்கி, 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தபோது அந்த நினைப்பு சரிதான். சுசுகிக்கு அப்போது 26 சதவீதம். 2002இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு அது ஜப்பான் முதலாளியின் கம்பெனி. ஹூண்டாய் கொரியாக்காரருடையது, ஆனால் 1998இல் முதல் சான்ட்ரோ வெளிவந்ததிலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் வண்டி செய்கிறார்கள், அங்கே வேலை பார்த்த நம் நெல்லைப் பிள்ளைகளை எண்ணி மாளாது. எம்.ஜி. என்பது பிரிட்டிஷ் பெயர், வைத்திருப்பது சீனக் கம்பெனி, 2024 முதல் அதில் நம் நாட்டு ஜே.எஸ்.டபிள்யூ. கம்பெனிக்கு 35 சதவீதம். டொயோட்டா கடையில் கிளான்சா என்று விற்பது மாருதி செய்கிற பலேனோதான். அந்தப் பக்கம் ஜாகுவாரும் லேண்ட்ரோவரும் 2008 முதல் டாடாவினுடையவை. லண்டனில் ஒரு வெள்ளைக்காரர் நாட்டுப்பற்றோடு ஜாகுவார் வாங்கினால் லாபம் மும்பைக்கு வருகிறது.

இந்திய வண்டி என்று ஊரே கொண்டாடிய அம்பாசிடரின் கதை இன்னும் அழுத்தமானது. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. 1950களின் கடைசியில் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யத் தொடங்கி 2014 வரை கிட்டத்தட்ட அதே உருவத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்தது, வாங்க வேறு வண்டி இல்லை, பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவனுக்கு வேறு வழி இல்லாதபோது செய்கிறவனுக்குத் திருத்திக்கொள்ள அவசியம் வரவில்லை. 2017இல் அந்தப் பெயரையே 80 கோடிக்கு பிரான்ஸின் பெஜோவுக்கு விற்றுவிட்டார்கள். கேள்வி கேட்காத பற்று ஒரு கம்பெனியை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை டாடாவின் இண்டிகா. 1998 டிசம்பரில் வந்தது. உருவம் தீட்டியதில் இத்தாலிக்காரர்கள் கை இருந்தாலும், நம் கம்பெனி ஒன்று அடியிலிருந்து கட்டி எழுப்பிய முதல் கார் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஏகப்பட்ட புகார். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டார்கள். டாடா திருத்தி, இரண்டு மூன்று வருஷத்திலேயே வி2 என்று விட்டது. அதன் பிறகு நம் டாக்சி ஸ்டாண்டுகளில் அது ஓடிய ஓட்டம் உங்களுக்கே தெரியும். அந்த வழியில் வந்த நெக்ஸான்தான் 2018இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு. அதுவரை நம் சந்தையில் விற்ற வெளிநாட்டுக் கம்பெனிகள், பாதுகாப்பை நம் ஆள் காசு கொடுத்துக் கேட்க மாட்டான் என்று நினைத்திருந்தன. அந்த நினைப்பை உடைத்தது ஒரு இந்தியக் கம்பெனி. எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

இனி வண்டிக்கு அடியில் போவோம். வண்ணார்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். ஒரு நாள் ஒரு ஜப்பான் கம்பெனி வண்டியும் ஒரு மஹிந்திராவும் பக்கத்துப் பக்கத்தில் லிப்டில் ஏறி நின்றன. டார்ச் அடித்து இரண்டின் அடியையும் பார்த்தேன். இரண்டிலும் சில போல்ட்டுகளின் தலையில் டி.வி.எஸ். என்கிற மூன்று எழுத்து புடைத்துத் தெரிந்தது. அந்தக் குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். பஸ் விடுவதில் தொடங்கிய அந்தக் குடும்பம், 1960களில் வெளிநாட்டுக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து பிரேக், சக்கரம், டைனமோ என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது. பிறகு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்புகிற அளவுக்கு வளர்ந்தது. அதே இரண்டு வண்டிகளிலும் எரிபொருள் செலுத்துகிற பகுதியில் ஜெர்மனிக் கம்பெனியான பாஷின் பெயர். கண்ணாடி மூலையில் இருந்த முத்திரையும் இந்தியாவில் செய்ததைக் காட்டியது. எஞ்சினை மூளை மாதிரி ஆட்டிவைக்கிற சின்னப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் சிப் இரண்டிலுமே வெளிநாட்டுச் சரக்குதான். கம்பெனி பெயரை மறைத்துவிட்டு எது சுதேசி, எது விதேசி என்று என்னைக் கேட்டிருந்தால் அந்த அடிப்பாகத்தை வைத்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துச் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். ஜே என்று தொடங்கினால் ஜப்பானில் செய்தது, கே என்றால் கொரியா, டபிள்யூ என்றால் ஜெர்மனி. எம்.ஏ., எம்.பி., எம்.இசட். என்று தொடங்கினால் இந்தியா. மாருதிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாடாவுக்கு எம்.ஏ.டி., மஹிந்திராவுக்கு எம்.ஏ.1. உங்கள் பட்ஜெட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் எம் என்று தொடங்குகிற வண்டிதான் கிடைக்கும். முழுசாக வெளிநாட்டில் செய்து கப்பலில் வருகிற வண்டிக்கு இறக்குமதித் தீர்வை அதிகம், நம் பேச்சில் அது வராது.

அப்படியானால் உங்கள் பணம் எங்கே போகிறது? 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கடை விலை பத்து லட்சம் என்றால் அதில் ஒன்றரை லட்சம் வரி, எந்தக் கம்பெனியானாலும் நம் அரசாங்கங்களுக்கு. சாலை வரியும் அப்படியே. பெரிய பங்கு உதிரிபாகம் செய்கிறவர்களுக்குப் போகும், அதில் பெரும்பகுதி உள்நாட்டில் நிற்கும். கூலி, டீலர் கமிஷன், இன்சூரன்ஸ் எல்லாம் இங்கேதான். வித்தியாசம் வருவது கடைசியில் நிற்கிற லாபத்திலும், தொழில்நுட்பத்துக்காகத் தாய்க் கம்பெனிக்கு அனுப்புகிற ராயல்டியிலும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தபோது திரட்டிய 27,870 கோடியும் கொரியத் தாய்க் கம்பெனிக்குத்தான் போனது. அது இங்கே புது ஆலைக்கு வந்த பணம் இல்லை. சட்டப்படி சரியான காரியம்தான், அவர்கள் பங்கை அவர்கள் விற்றார்கள். ஆனாலும் "கொரியாக்காரனுக்குத் துட்டு" என்று அப்பா சொல்வதில் உண்மையே இல்லை என்று மச்சான் அடித்துப் பேசவும் முடியாது.

லாபத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டு. ஒன்று, யார் போனாலும் போகாமல் நிற்பவர் யார் என்பது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. மறைமலைநகரில் 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அந்த ஆலையை நம்பி இருந்த தொழிலாளர்கள், அதற்கு மட்டும் பாகம் செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறைகள் எல்லாம் என்ன பாடு பட்டார்கள் என்பதை அந்த வட்டாரத்தில் இருந்தவன் என்ற முறையில் அறிவேன். அதற்கு முன்னால் 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியிருந்தது. நல்ல வண்டிகள்தான், கணக்கு ஒத்துவரவில்லை, டெட்ராய்ட்டில் முடிவு எடுத்தார்கள். டாடாவுக்கும் மஹிந்திராவுக்கும் நஷ்டம் வந்தாலும் போக வேறு ஊர் இல்லை. ஃபோர்டு விட்ட சாணந்த் ஆலையை வாங்கி ஓட்டுவதும் டாடாதான்.

இன்னொன்று, வண்டியை யோசிக்கிற இடம். வண்டியைப் பூட்டுவது கை வேலை, அதை நம் பிள்ளைகள் எந்தக் கம்பெனிக்கும் செய்வார்கள். எஞ்சின் எப்படி இருக்க வேண்டும், உடல் எங்கே மடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை எங்கே நடக்கிறது என்பதில்தான் நாட்டின் வளர்ச்சி இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளும் இங்கே ஆராய்ச்சி மையம் வைத்திருக்கின்றன, நல்ல வேலையும் நடக்கிறது. ஆனால் கடைசிக் கையெழுத்து பெரும்பாலும் வேறு நாட்டில். சமமாக நின்றால் இந்தியக் கம்பெனி என்று நான் தொடக்கத்தில் சொன்னது இந்த இரண்டுக்காகத்தான்.

தூத்துக்குடிக்கு வருவோம். நீங்கள் கேட்ட வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்ட் சில்லாநத்தத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4இல் ஆலையைத் திறந்தது. வருஷத்துக்கு 50,000 வண்டி செய்யத் தொடக்க ஏற்பாடு. இவ்வளவு வேகத்தில் கார் ஆலை எழும்பியது நம் பக்கத்துக்குப் பெரிய விஷயம். உப்பளமும் துறைமுகமும் போக அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை வருகிறது என்பதில் எனக்கு மனசு நிறைந்த சந்தோஷம். ஆனால் இப்போதைக்கு அங்கே நடப்பது வெளியிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற பாகங்களைப் பூட்டுகிற வேலை. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஜப்பான் யோகோஹாமாவுக்குச் சொந்தமான டயர் ஆலை இருக்கிறது, டாடாவின் சோலார் ஆலையும் இருக்கிறது. தாழையூத்து, மானூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டிலும் கிடைப்பது சம்பளம்தான். முதலாளி யார் என்பதைவிட, டயருக்கு வேண்டியதை இங்கேயே செய்கிறார்களா, நம் சின்னப் பட்டறைகளுக்கு ஆர்டர் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வின்ஃபாஸ்டையும் அப்படியே அளக்கலாம். சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்குப் பாகம் செய்கிற பட்டறைகள் முளைத்தால் அது நம்ம ஊர் வண்டி ஆகிவிடும். எப்படியும் அவர்களின் வி.எஃப்.6 பதினாறு லட்சத்துக்கு மேல்தான் தொடங்கியது. உங்கள் கைக்கு எட்டாது, கடன் வாங்கி எட்டிப்பிடிக்கவும் வேண்டாம்.

நாட்டுப்பற்று பேசுகிற பலரும் மறக்கிற ஒன்று பெட்ரோல். நம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 தருகிற வண்டி 800 லிட்டர் குடிக்கும், 20 தருகிற வண்டி 600தான் குடிக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தால் 2,000 லிட்டருக்கு மேல் வித்தியாசம். கம்பெனிக்குப் போகிற லாபத்தை எண்ணுகிறவர், டேங்கில் ஊற்றுவதையும் எண்ண வேண்டும். மின்சார வண்டி என்றால் கயத்தாறிலும் பணகுடியிலும் சுற்றுகிற காற்றாலைகள் உங்கள் வண்டியை ஓட்டும், அந்த எண்ணமே எனக்கு இனிக்கிறது. ஆனால் பேட்டரியின் செல்கள் இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான். 2025 ஏப்ரலில் மோட்டாருக்கு வேண்டிய அபூர்வ மண் காந்தங்களின் ஏற்றுமதியைச் சீனா இறுக்கியபோது நம் கம்பெனிகளும் தவித்தன. டாடா மின்சார வண்டி எடுத்தாலும் இந்தச் சார்பு இருக்கிறது என்று தெரிந்தே எடுங்கள்.

சரி, 12 லட்சத்துக்குள் என்ன செய்யலாம்? டாடாவின் நெக்ஸான், பஞ்ச், மஹிந்திராவின் எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்ஓ மூன்றுமே மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை, மூன்றுமே இந்தியக் கம்பெனி. பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படிச் சொல்ல வழியே இல்லை. அப்பாவின் ஆசைக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் இன்றைக்குச் சண்டை இல்லை என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாருதி வண்டிக்கு எந்தச் சின்ன ஊரிலும் மெக்கானிக் உண்டு, எண்ணெய் குடிப்பதும் குறைவு, புது டிசையரும் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. நீங்கள் தினமும் தென்காசி, பாபநாசம், நெல்லை என்று ஓடுகிறவர், சர்வீஸுக்கு ஒரு நாள் வேலையை விட முடியாதவர் என்றால் அதை எடுப்பதிலும் தப்பில்லை. ஹரியானாவிலோ குஜராத்திலோ நம் நாட்டு ஆள்தான் அதைப் பூட்டியிருப்பான்.

வாங்குவதற்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். ஷோரூமுக்கு வேண்டாம், சர்வீஸ் பகுதிக்கு. வண்டி விட வந்தவர்களிடம் எத்தனை நாள் வைத்திருந்தார்கள், பாகம் வரத் தாமதமா, திரையும் சென்சாரும் மக்கர் பண்ணுகிறதா என்று விசாரியுங்கள். இந்தியக் கம்பெனிகளின் புது வண்டிகளில் உடல் உறுதிக்குக் குறை சொல்ல முடியாது. மென்பொருளிலும் சர்வீஸிலும்தான் இன்னும் பேச்சு இருக்கிறது. வாங்கிய பிறகு குறை கண்டால், நம்ம கம்பெனிதானே என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், ஜாப் கார்டில் எழுதச் சொல்லிப் பிரதி வாங்குங்கள், மூன்றாம் தடவையும் அதே குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இண்டிகாவைத் திருத்தியது அப்படிச் சண்டை போட்டவர்கள்தான்.

அப்பாவையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பின் சீட்டில் அவரையும் அம்மாவையும் உட்கார வையுங்கள். அம்பையிலிருந்து பாபநாசம் மேலணைப் பக்கம் ஏறுகிற சாலையில், ஐந்து பேரும் ஏறிய பாரத்தோடு, ஏசியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பஞ்சில் பின் சீட் மூன்று பெரியவர்களுக்கு நெருக்கும், நெக்ஸானும் 3எக்ஸ்ஓவும் தேவலை. இரண்டில் அப்பாவுக்கு ஏறி இறங்க எது சுகமோ அதற்கு நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இரண்டு டீலரிடம் விலை கேட்டுவிட்டு, இன்சூரன்ஸை வெளியில் போட்டால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்துப் பேசுங்கள்.